மர்னியின் விரல்கள்

மர்னியின் இரண்டு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவி, தன் தலைத்துணியின் நுனியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள் துர்சினா.

பெமாலாங் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவளுடைய சோற்றுக்கடை. அடையாள அட்டை அலுவலகத்து சுகிர்மான் கைரேகை மிஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்திருந்தார். துர்சினா விட்டால்தானே? தினமும் போய் நின்று உயிரை எடுத்துவிட்டாள்.

மர்னிக்கு வயிற்றில் கட்டி. அட்டை இருந்தால் அரசாங்கக் காப்பீட்டில் ஆபரேஷன். இல்லாவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

மர்னி என்பதே துர்சினா வைத்த பெயர்தான். எந்த ஊர் பஸ்ஸிலிருந்தோ இறங்கிக் கடை வாசலில் உட்கார்ந்தவள். வாய் பேசுவதில்லை. ஒரு தட்டுச் சோறு வைத்தாள் துர்சினா. அப்புறம் அவள் எழுந்து போகவே இல்லை.

"பொறந்த வருஷம் என்னக்கா போட?"

"என் வருஷத்தையே போடுங்க சார். என் தங்கச்சின்னே எழுதிக்குங்க."

துர்சினாவுடையது ஒற்றைப்படை வருஷம். சுகிர்மான் பெஞ்சுக்குப் பின்னால் சிவப்புத் துணியைக் கட்டினார். இரட்டைப்படையில் பிறந்தவர்களுக்கு நீலம். துணி மாறினால் படம் செல்லாது.

மர்னி விரல்களை மடக்கிக்கொண்டு முறைத்தாள். துர்சினா ஒரு துண்டு சோயா தெம்பே வறுவலை வாயில் ஊட்டி, கொஞ்சிக் கெஞ்சி, விரல்களைப் பிரித்து மிஷின் கண்ணாடியில் வைத்தாள்.

மிஷின் நெடுநேரம் யோசித்தது. சுகிர்மான் எழுந்து சிவப்புத் துணியை அவிழ்த்துவிட்டு நீலத்தை எடுத்தார்.

"இவங்க ஏற்கனவே பதிஞ்சவங்கக்கா. பேரு கஸ்மியாத்தி, பொனோரோகோ பக்கம். உங்களவிட அஞ்சு வயசு மூத்தவங்க. தங்கச்சியாம் தங்கச்சி."

கஸ்மியாத்தி என்றதும் மர்னி சட்டென்று நிமிர்ந்தாள்.

சுகிர்மான் அங்கேயே நின்று அந்த ஊர்த் தலைவருக்குப் போன் போட்டு, அவர் மூலம் மர்னியின் மகனைப் பிடித்தார். அவன் அழுத அழுகை, சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்களுக்கெல்லாம் கேட்டது. அடுத்த பஸ்ஸுக்கே கிளம்புகிறானாம். ஆபரேஷனுக்கும் இனித் தடையில்லை.

துர்சினாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இவள் போய்விடுவாளே என்ற ஏக்கமும் கூடவே வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டாள். சுகிர்மானின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா இது, வயசுல பெரியவங்க நீங்க. என் வேலையத்தானே செஞ்சேன்."

வேண்டாம் வேண்டாம் என்றவரின் பைக்கில் சோற்றுப் பொட்டலத்தை மாட்டிவிட்டாள். அவர் வண்டியைக் கிளப்பியும் அவள் கைப்பிடியை விடவில்லை.

"எல்லா ஊர்லயும் உங்க ஆளுங்க இருக்காங்கல்ல சார்? யாராவது கடைக்காரி வந்து இப்படி நச்சரிச்சா, மிஷினத் தூக்கிட்டுப் போகாம இருந்துடக் கூடாதுன்னு சொல்லி வைங்க."

"சொல்றேன்க்கா. எதுக்குக் கேக்குறீங்க?"

"எங்க அண்ணன் விரலும் அந்த மிஷின்ல இருக்கு சார். காணாமப் போறதுக்கு முன்னாடி நான்தான் கூட்டிட்டுப் போய் வைக்க வச்சேன்."