குதிகாலுக்குக் கீழே ஒரு கல்

ரிஞ்சானி எரிமலையின் விளிம்பிலிருந்து ஏரிக்கு இறங்கும் சரிவில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. அங்கே ஒரு கல்லுக்கும் நிலையான புத்தி கிடையாது. மேலே வழிகாட்டி மைசாரா ஆடாமல் அசையாமல் நிற்கிறாள். பலாப்பழப் பருமனுள்ள கல் ஒன்று பெயர்ந்துவிட்டது. அதைக் குதிகாலால் அழுத்திப் பிடித்திருக்கிறாள். காலை எடுத்தால் அது நேராக, கீழே வறண்ட ஓடையைக் கடக்கும் சுமைகாரர் அமாக் சுர்டியின் தலைக்குத்தான் போகும். "பொம்பளைக்கு மலை எதுக்கு?" என்று காப்பிக்கடை அதிர முழங்கிய அதே தலை. அவர் தோளில் மூங்கில் காவடி. ஒரு பக்கம் அரிசி, மறுபக்கம் முட்டை. ஓடினால் சரளை முழுக்கக் கூடவே ஓடிவரும். ஆகவே ரப்பர் செருப்போடு, புதுமாப்பிள்ளை மாதிரி அடிமேல் அடி வைக்கிறார்.

"பிள்ள, கால எடுத்துடாத!"

"வாய மூடிட்டு நடங்க மாமா. நீங்க பேசுற வேகத்துல நடந்திருந்தா இந்நேரம் ஏரியில மீனே புடிச்சிருக்கலாம்."

அவள் கெண்டைக்கால் நடுங்குவது அவருக்குக் கீழிருந்தே தெரிகிறது. குதிகால் மட்டும் நடுங்கவில்லை. கடைசியில் பாறை மறைவுக்குப் போய்ச் சேருகிறார்.

"வந்துட்டேன்!"

"கல்லு!" என்று கூவிக் காலை எடுக்கிறாள். கல் இரண்டே துள்ளலில் அவருடைய காலடித் தடங்களை அழித்துக்கொண்டு பனிமூட்டத்துக்குள் பாய்கிறது. வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் வருகிறது.

அமாக் சுர்டி காவடியை இறக்கி வைக்கிறார். திரும்பவும் ஓடைக்குள் இறங்கி, மேலே ஏறி, அவள் காலுக்கு நேர்கீழே நின்று, கற்களை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்க்கிறார்.

"அங்க நிக்காதீங்க மாமா!"

"நீ நிக்கிறியே மேல," என்கிறார். "இந்தக் கல்லு நல்லாருக்கு. இதுல கால வை."