வெள்ளிக்கிழமைப் பொட்டு

தலவாக்கலைக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவில் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய கருங்கல் தேவாலயத்துக்குள், யாழ்ப்பாணத்திலிருந்து போன கிழமை மாற்றலாகி வந்த பாதர் ஜெயதீபன் சப்பாத்துக் காலோடு போகிறார். கூட்டித் துடைக்கும் காளியாயி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சாவிக்கொத்தோடு பின்னால் வருகிறாள். வெள்ளிக்கிழமையில் எந்தப் பாதரும் இங்கே வந்ததில்லை. வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கும் சாயங்கால வெயில், வரிசையாகப் போட்ட மர வாங்குகளின் மேல் சிவப்பும் நீலமுமாகக் கிடக்கிறது. சுவரிலுள்ள பித்தளைத் தகடுகளில் துரைமாரின் பெயர்களை வாசித்துக்கொண்டே போனவர், ஒரு சலவைக்கல் முன்னால் நின்றுவிடுகிறார். ஒரு துரையின், நான்கு வயதில் காய்ச்சலில் இறந்துபோன மகளுடைய முகம் அதில் செதுக்கியிருக்கிறது. அந்த நெற்றியில் ஈரம் காயாத சந்தனப் பொட்டு, நடுவில் ஒரு துளி குங்குமம். "இது ஆர் வச்சது?" என்று கேட்கிறார். காளியாயி சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். பாதர் இதைத் திருப்பி வாங்கிக்கொண்டால் வேலையும் போய்விடும். "நாந்தாங்க பாதர். மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வாறப்ப வைப்பேன். பச்சப்புள்ள நெத்தி வெறுமனே இருக்கக்கூடாதுங்களே." பாதர் சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து, கல்லின் கன்னத்தில் படிந்த தூசியைத் துடைக்கிறார். நெற்றிக்குப் பக்கத்தில் வந்ததும் கை நிற்கிறது. லேஞ்சியை மடிக்கிறார். "ஞாயிறு ஆராதனைக்கு முன்னம் துடைச்சுப்போடுங்கோ, அம்மா." காளியாயி தலையாட்டுகிறாள். "பதினோரு வருசமா அப்புடித்தாங்க பாதர். சனிக்கெழம சாயங்காலமே தொடச்சிருவேன்."