காலை முதல் வகுப்பு

"கிளட்சை மெதுவா விடுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது? மத்தவங்க ஓட்டும்போது வண்டி ஒழுங்காத்தானே ஓடுது!"

தினமும் காலை முதல் வகுப்புக்கு வரும் பெண்ணிடம் டிரைவிங் ஸ்கூல்காரர் எரிந்து விழுந்தார். கார் அன்றும் குலுங்கி நின்றிருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. அவரே காரை எடுத்தார். தெருமுனை தாண்டுவதற்குள் அவருக்கும் குலுங்கி நின்றது.

"சென்சார் போயிருக்கு சார். எஞ்சின் குளிர்ந்திருந்தா மக்கர் பண்ணும், சூடாயிட்டா தெரியாது" என்றார் மெக்கானிக்.

கூனிக்குறுகி அவள் வீட்டுக்குப் போனார்.

"தப்பு வண்டி மேலதாம்மா, உங்க மேல இல்ல. நாளைக்கே வாங்க."

"வேணாம் சார். டாக்டரம்மாவுக்குக் கார் ஓட்டுற வேலைக்காகத்தான் கத்துக்கிட்டேன். அவங்க நேத்து உங்களுக்குப் போன் போட்டு விசாரிச்சாங்களாம். எனக்கு ஜென்மத்துக்கும் ஓட்ட வராதுன்னு சொன்னீங்களாமே?"