புதுப் பெயின்ட்

மகளைக் கூட்டிப்போக வந்த மாரிராஜ், அங்கன்வாடிக்குள் பாய்ந்து சன்னல்களைப் படபடவெனத் திறந்தான்.

“இன்னாண்ணா பண்றீங்க? கொசு வரும்!” என்றாள் டீச்சர் ஜோதி.

“நேத்து அடிச்ச பெயின்டுல்லா டீச்சர்! முதல்ல புள்ளைகள வெளிய கூட்டிட்டுப் போங்க!”

இருமிக்கொண்டே குழந்தைகள் மரத்தடிக்கு ஓடினார்கள். மகள் கவியாவின் முகத்தைக் கழுவிவிட்டான் மாரிராஜ். மெல்ல இருமல் அடங்கியது.

ஜோதி தலைகுனிந்தாள். “பொங்கலுக்கு எங்கப்பா கதவுக்குப் பெயின்ட் அடிப்பாரு. அந்த வாசனைன்னா எனக்கு உசுரு. ஆவாதுன்னு தோணவே இல்லண்ணா.”

“எனக்குந்தான் டீச்சர். கதவுல மூக்க ஒட்டிக்கிட்டே நிப்பேன். எங்கம்மா முதுகுல ஒண்ணு போடுவா.”

“அதான் வாசல்லயே மோப்பம் புடிச்சிட்டீங்களா?”

“இல்ல டீச்சர். கவியா கண்ணக் கசக்குனதப் பாத்தேன். ஒரகடத்துல ஒரு கார் கம்பெனியில, வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிற ஷாப்புல பத்து வருசம் நின்னேன். இப்ப எனக்கு எந்த வாசனையும் தெரியாது.”