சகலைக்கு ஒரு சிபாரிசு

"பையைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. பையும் மூஞ்சியும் சேந்து தெரியணும்ல" என்றார் மூத்தவர்.

இளையவன் மளிகைப் பையை நெஞ்சு வரை தூக்கினான். போட்டோ எடுத்தார்கள். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய சபை, கூடத்தில் நின்று வேடிக்கை பார்த்தது.

அக்காவைக் கட்டியவர் மூத்தவர். தங்கையைக் கட்டியவன் இளையவன். சகலைகள் இருவரும் ஒரே அச்சகத்தில் அடுத்தடுத்த மெஷினில் வேலை பார்த்தவர்கள்.

ஆர்டர் குறைந்தது. ஒரு மெஷின் நிற்கப் போகிறது, அதோடு ஒரு ஆளும் வெளியே போகப் போகிறார் என்று பேச்சு வந்ததிலிருந்து மூத்தவருக்குத் தூக்கமில்லை. மகள் நர்சிங் படிக்கிறாள், தலையோ நரைத்துவிட்டது. முழங்காலில் நின்று ஜெபித்தார். வெளியே போனது இளையவன். தன் ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டதென்று மூத்தவர் அடுத்த வாரமே சபையில் எழுந்து சாட்சி சொன்னார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, வேலை போன குடும்பங்களுக்கெல்லாம் தம் செலவில் மளிகைப் பை. மைக்கையும் அவரே பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவர் யாரையும் சும்மா நிக்க வைக்கிறதில்ல. உண்மையா உழைக்கிறவனைத்தான் வேலையில நிக்க வைப்பார்" என்றார். "என் சகலையை வச்சே சொல்றேன். சொந்தக்காரன்னு நான் மூடி மறைக்கல. நாலு பேர் முன்னாடி சொன்னாத்தான் சில பேருக்கு உறைக்கும்."

போதகர் செருமினார். மூத்தவர் அதைக் கேட்கவில்லை. இளையவனின் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நன்றிண்ணே" என்றான் இளையவன். வாசலை நோக்கி நடந்தான்.

வாசலருகே, அதே அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்த பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். அவளுக்கும் முன்பே வேலை போயிருந்தது. பை தீர்ந்துவிட்டதென்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். இளையவன் நடையை நிறுத்தாமலே தன் பையை அவள் கையில் மாட்டிவிட்டு வெளியே போனான்.

மூத்தவர் பார்த்துவிட்டார்.

"பாத்தியா உன் தங்கச்சி புருஷனை?" என்று மனைவியிடம் பல்லைக் கடித்தார். "வாங்கித் திங்கவே வக்கில்ல. இதுல வள்ளல் வேஷம் வேற. என் பைசாவுல."

"அவர்கிட்ட குடுத்தப்புறம் அது அவர் பைதானே" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு."

மறுநாள் காலை அச்சகத்தில் அவருடைய மெஷின் பாதியில் நின்றது. உருளையில் தாள் சுருண்டு சிக்கிக்கொண்டது. முன்பெல்லாம் இப்படி நின்றால், "டேய், இங்க வந்து பாரு" என்று பக்கத்து மெஷினைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார். இளையவன் வந்து சரிசெய்துவிட்டுப் போவான். இப்போது அந்தப் பக்கம் படுதா போர்த்திய மெஷின் மட்டும்தான் இருந்தது.

மெக்கானிக் வரட்டும் என்று கையைத் துடைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். மேலாளருக்கு அன்று ஓய்வு பெறும் நாள். இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"சார், போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி. நம்ம சகலைக்கு எதாவது பாத்துப் போட்டுக் குடுங்க. கேட்டுல உக்கார வைங்க, இல்லன்னா தரை கூட்டச் சொல்லுங்க. பாதிச் சம்பளம் குடுத்தாப் போதும்."

"அவர் கேக்கச் சொன்னாரா?"

"அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது சார்? நானாப் பாத்து இரக்கப்பட்டாத்தான் உண்டு. விசுவாசின்னு சொல்லிட்டு சொந்தக்காரனைத் தெருவுல விட முடியுமா? மத்தபடி, நீங்க அவனை நிறுத்தினதுல எனக்கு வருத்தமே கிடையாது. உதவாக்கரையை யாரு வச்சுச் சோறு போடுவா?"

மேலாளர் நிமிர்ந்தார். செருப்பில் ஒட்டிக்கொண்டதைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்.

"அவரை நாங்க நிறுத்தலையே."

"பின்னே?"

"அவரா வந்து, வேலையை விடுறேன்னு சொல்லிட்டுப் போனார்."

மூத்தவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கேட்டீங்களா கதையை? பொண்டாட்டி புள்ளையை வச்சுக்கிட்டு, தானா வேலையை விட்டிருக்கான். உடம்பு வளையல. சபையில வேலை போன ஏழை மாதிரி கையை நீட்டுறான் சார், மானங்கெட்டவன். இவனுக்குப் போய் சிபாரிசு பண்ண வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டுத்தான் போனார்" என்றார் மேலாளர். "இத்தனை நாள் சொல்லல. நீங்க பேசுறதைக் கேட்டுட்டு வாயை மூடிட்டுப் போக எனக்கு மனசு வரல."

"இதுல மறைக்க என்ன சார் இருக்கு? எதுக்கு விட்டானாம்?"

மேலாளர் இழுப்பறையை மூடினார்.

"முதலாளி வெளிய அனுப்பச் சொன்னது உங்களை."