வெளியீட்டு நாளில் மொட்டை

ஏப்ரல் 9. காரணம் சொல்லாமலேயே என் மனைவி கந்தம்மாள் என்னைக் கோடைக்கானலிலிருந்து பழனிக்கு அழைத்துவந்து, மொட்டையடிக்க உட்காரவைத்துவிட்டாள்.

காலையில்தான் எங்கள் மகன் சண்முகராஜ் துள்ளிக் குதித்தான். இருமுறை தள்ளிப்போன புதிய வீடியோ கேம் கருவி, சுற்றுலாப் பயணிகள் குவியும் கோடை சீசனுக்குள் வெளியாகிவிட்டது. இனி ஏரிச்சாலையில் அவனுடைய வீடியோ கேம் கூடம் பிழைத்துக்கொள்ளும். இந்த நல்ல நாளில் எனக்கு ஏன் மொட்டை? எனக்குத் தெரியாமல் ஏதும் நோயோ என்ற ஐயம் வலுத்தது.

"மருத்துவர் என்னைப் பற்றி உன்னிடம் ஏதேனும் மறைவாகச் சொன்னாரா?"

"சும்மா இருங்க. அந்த கேம் பெட்டி சீசனுக்குள்ள வந்துட்டா மொட்டை போடுறதா முருகனுக்கு நேந்துக்கிட்டேன்."

"நேர்ந்துகொண்டவள் நீ. தலை மட்டும் என்னுடையதா?"

"எனக்கு இடுப்பு வரைக்கும் பின்னல் கெடக்கு. உங்களுக்கு இருக்கிறதே நாலு முடி, வெரசா முடிஞ்சிரும்ல?"

வாசகரே, உங்கள் தலையை யார், எதற்காக நேர்ந்திருக்கிறார்கள் என்று இன்றே வீட்டில் விசாரியுங்கள்!