முப்பது நாள் மூச்சு

"இதெல்லாம் பொய் ரீடிங்!"

புராஜெக்ட் நோட்டை மேசைமேல் வீசினாள் ஷோபா மிஸ்.

எதிரே நின்ற ஸ்வீட்டிக்கு உதடு துடித்தது. "சத்தியமா நெஜம் மிஸ். எங்கப்பா ஊதினத பாத்துதான் எழுதினேன்."

பத்தாம் வகுப்பு சயின்ஸ் புராஜெக்டுக்கு இருபது மார்க். அதில் ஒன்று குறைந்தாலும் பெங்களூரில் ஹாஸ்டலோடு கிடைக்க இருக்கும் இலவச சீட் கைநழுவிப் போகும். அது ஸ்வீட்டிக்கும் தெரியும், ஷோபாவுக்கும் தெரியும்.

மற்ற பிள்ளைகள் ராபர்ட்சன்பேட்டைக் கடையில் ரெடிமேடாக வாங்கி வந்த தெர்மாகோல் எரிமலைகள் அலமாரிமேல் வரிசையாக நின்றன. அத்தனைக்கும் இருபதுக்கு இருபது போட்டாயிற்று.

ஸ்வீட்டி கொண்டுவந்தது ஒரு ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு ரப்பர் குழாய். கேனில் தண்ணீர் நிரப்பித் தொட்டிக்குள் கவிழ்த்து, குழாய் வழியாக ஒரே மூச்சில் ஊத வேண்டும். எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறதோ, அவ்வளவு மூச்சு. தினமும் சாயங்காலம் அப்பாவை ஊதச் சொல்லி, முப்பது நாள் எழுதியிருந்தாள்.

"ஒங்கப்பாவுக்கு இன்னா சீக்கு?"

"மைன்ஸ் தூசி மிஸ். தங்கச் சுரங்கத்துல வேல செஞ்சாரு. நெஞ்சு ஃபுல்லா தூசின்னு டாக்டர் சொன்னாரு."

"மொத நாள் தொள்ளாயிரம் மில்லி. முப்பதாவது நாள் ஆயிரத்து முந்நூறு. புது மருந்து ஏதாவது சாப்பிடறாரா?"

"இல்ல மிஸ்."

"அப்ப எப்படிடி ஏறும்? அந்தத் தூசி கரையவே கரையாது. நாளாக ஆக எறங்கத்தான் செய்யும். சயின்ஸ்ல பொய் எழுதறதும் திருடறதும் ஒண்ணு, தெரிஞ்சிக்கோ."

சிவப்புப் பேனாவை எடுத்து எட்டு என்று போட்டாள். ஒரு பொய்யைப் பிடித்துவிட்ட திருப்தி அவளுக்கு. அலமாரிப் பக்கம் மட்டும் கண் போகவில்லை.

"நாளைக்கு ஒங்கப்பாவ கூட்டினு வா. எம் முன்னால ஊதட்டும்."

மறுநாள் ஸ்வீட்டியின் அப்பா சுந்தரராஜ் வந்தார். ஐம்பத்தைந்து வயதுதான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், எழுபதைத் தாண்டியவர்போல் இருந்தார். பள்ளிக்கூடத்துக்கு நாலே நாலு படி. மனைவி மரியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். விடிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் வேலைக்கு ஓடுகிறவள் மரியா. இன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மரியா ஷோபாவின் காதருகே வந்தாள். "அடுத்த மாசம் கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்கினா பெரிசுன்னாரு டாக்டரு. இவருக்குத் தெரியும். பாப்பாவுக்குத் தெரியாது மிஸ்."

ஷோபாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வரவழைத்தாயிற்று, குழாயும் அவர் கைக்குப் போயாயிற்று.

சுந்தரராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். நாலைந்து குமிழிகள் வந்தன. பிறகு இருமல்தான் வந்தது.

ஐந்நூற்றைம்பது.

"பாத்தியா ஸ்வீட்டி?" என்றாள் ஷோபா.

ஸ்வீட்டி தலையைக் குனிந்துகொண்டாள். சுந்தரராஜ் அவசரமாகக் கையை உயர்த்தினார்.

"பாப்பாவ திட்டாதீங்க மிஸ். நடந்து வந்தேன், அதான். ஒரு அரைமணி நேரம் பேசாத உக்காந்துக்கறேன். அப்பறம் பாருங்க, நல்லா ஊதிக் காட்டறேன்."

"பேசாம உக்காந்தா எப்படிங்க ஏறும்?"

அவர் பதில் சொல்வதற்குள் மரியா அவரையே முறைத்துப் பார்த்தாள்.

"அதுக்குத்தானா? ஒரு மாசமா வூட்ல ஒரு வார்த்த பேசல மிஸ் இந்த மனுசன். இன்னா கேட்டாலும் தலையத்தான் ஆட்டுவாரு. எங்க மேல கோவம்னு நெனச்சிக்கினு கீறோம்!"

"நானுந்தான்பா," என்றாள் ஸ்வீட்டி. "புராஜெக்டுக்கு தொந்தரவு பண்றேன்னு ஒனக்கு எம் மேல கோவம்னு நெனச்சேன்."

"கோவம் இல்லம்மா." சுந்தரராஜ் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். "பகல் பூரா பேசாத, நடக்காத படுத்துனு இருந்தா, சாயங்காலம் ஊதறதுக்குக் கொஞ்சம் மூச்சு சேருது. அப்படித்தான் டெய்லி கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன்."

"எதுக்குங்க ஏத்தணும்?" என்றாள் ஷோபா.

"மைன்ஸ்ல எங்களுக்கும் இந்த டெஸ்ட் உண்டு மிஸ். நல்லா ஊதினாத்தான் பாஸ், இல்லன்னா ஷாஃப்ட்டுக்குள்ள எறக்கமாட்டாங்கன்னு தம் கட்டி ஊதுவோம். இதுக்கு இருபது மார்க்குன்னு பாப்பா சொல்லிச்சி. நான் கம்மியா ஊதி, அது ஃபெயிலாயிடக் கூடாதில்ல?"

ஷோபாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நோட்டை இழுத்து, எட்டை அடித்துவிட்டு இருபது என்று போட்டாள்.

ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் போல் இருந்தது அவளுக்கு.

"இதுல ஃபெயிலே கிடையாதுங்க. எவ்ளோ ஊதறீங்கன்றதுக்கு மார்க் இல்ல. நீங்க நூறு மில்லி ஊதியிருந்தாலும், அத அப்படியே எழுதியிருந்தா பாப்பாவுக்கு இருபதுதான்."

சுந்தரராஜ் குழாயைத் தொட்டியில் வைத்தார். மகளைப் பார்த்தார். பிறகு ஷோபாவிடம் கேட்டார்:

"அப்ப... இந்த ஒரு மாசமும் நான் பாப்பாகிட்ட பேசியிருக்கலாமா மிஸ்?"